புது வீட்டுத் தோட்ட வேலைக்கு மூன்று கொட்டேஷன், எதை நம்புவது?

புதுவீடு_பாளை

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் ரெட்டியார்பட்டி ரோட்டுப் பக்கம் எட்டு சென்டில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம், ஆவணியில் பால்காய்ப்பு (கிரகப்பிரவேசம்). முன்னால் 900 சதுர அடி, பின்னால் 500 சதுர அடி மண்தரை இருக்கிறது. முன்பக்கம் கொஞ்சம் புல்தரை, ஓரமாகப் பூச்செடிகள், ஒரு நிழல் மரம் வேண்டும். பின்பக்கம் வாழை, முருங்கை, கறிவேப்பிலை, அம்மாவுக்கு ஒரு பிச்சிப் பந்தல். வேறு பெரிய ஆசை ஒன்றும் இல்லை. நானும் வீட்டில் அவளும் வேலைக்குப் போகிறவர்கள், அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் ஆள் வைத்துத்தான் செய்தாக வேண்டும்.

மூன்று பேரிடம் கேட்டேன். முதலாவது ஒரு லேண்ட்ஸ்கேப் கம்பெனி. கம்ப்யூட்டரில் படம் போட்டுக் காட்டினார்கள், படம் ரொம்ப அழகு. மொத்தமாக 2,40,000 ரூபாய், 70 சதவீதம் முன்பணம். இரண்டாவது ஆள் சதுர அடிக்கு 110 ரூபாய், எல்லாம் சேர்த்துத்தான் என்கிறார். மூன்றாவது ஆள் சின்னதாக நர்சரி வைத்திருப்பவர், "எழுபதாயிரம் குடுங்க சார், நல்லா பண்ணித் தாரேன்" என்று வாயால் சொன்னதோடு சரி, தாளில் ஒன்றும் இல்லை.

இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அடியில் சரள் (சின்னக் கல் கலந்த மண்), மேலே கட்டட வேலையில் விழுந்த செங்கல் துண்டு, காய்ந்த கலவை, டைல்ஸ் துண்டு. போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. மாநகராட்சித் தண்ணீர் வரும், ஆனால் அதைச் செடிக்கு ஊற்ற மனசு வராது. இந்த நிலையில் யாரைத் தேர்ந்தெடுப்பது, என்னென்ன கேட்க வேண்டும், 70 சதவீதம் முன்பணம் நியாயமா என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பேட்டை_பெரியவர்

தம்பி, மூன்று பேரில் யாராவது உங்கள் போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்களா? யாராவது கடப்பாரையால் ஒரு குழி தோண்டிப் பார்த்தார்களா? கேள்வியில் அப்படி ஒன்றும் சொல்லவில்லை, அதனால் யாரும் செய்யவில்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். தண்ணீரையும் மண்ணையும் பார்க்காமல் செடிப் பட்டியல் கொடுப்பவர், கையைப் பிடித்து நாடி பார்க்காமலே மருந்து எழுதுகிற வைத்தியர் மாதிரி. விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நீங்களே தண்ணீரைச் சோதித்துவிடுங்கள். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் மண்ணும் தண்ணீரும் பார்ப்பார்கள், கட்டணம் சொற்பம்தான். வல்லநாட்டுக்குப் பக்கம் கிள்ளிகுளத்தில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது, அங்கேயும் விசாரிக்கலாம். போரை கால் மணி நேரம் ஓடவிட்டு அப்புறம் பிடியுங்கள், தொட்டித் தண்ணீரைக் கொடுக்காதீர்கள்.

அறிக்கையில் மொத்தக் கரைந்த உப்பு என்று ஒரு எண் வரும், டிடிஎஸ் என்பார்கள். பாசனத்துக்கான பொதுவான கணக்குப்படி லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் எந்தச் செடிக்கும் கவலை இல்லை. 450-லிருந்து 2000 வரை செடியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2000-க்கு மேலே போனால் ரொம்பக் கஷ்டம். ரோஜா, எலுமிச்சை, பீன்ஸ் எல்லாம் உப்பைத் தாங்காதவை, இலை ஓரம் கருகிக்கொண்டே வரும். தென்னை, சப்போட்டா, வேம்பு, புங்கை, பூவரசு, காகிதப்பூ, அரளி தாங்கும். புல்லில் அருகம்புல் இனம் நன்றாகவே தாங்கும். அரளி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அதன் இலை, பூ, பட்டை எல்லாமே விஷம், வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கை எட்டுகிற இடத்தில் வைக்க வேண்டாம்.

அந்த அறிக்கையை மூன்று பேர் கையிலும் கொடுத்து "இப்போது உங்கள் பட்டியலில் எதை மாற்றுவீர்கள்?" என்று கேளுங்கள். மாற்றுகிறவர் தொழில் தெரிந்தவர். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது சார்" என்பவரை அதோடு விட்டுவிடுங்கள்.

---

வள்ளியூர்_அக்கா

பெரியவர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். கூட காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வள்ளியூர், ராதாபுரம் பக்கம் ஆனியில் தொடங்கினால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஆவணி வரைக்கும் விடாது, அதனால்தான் இத்தனை காற்றாலை. பாளையில் இவ்வளவு இருக்காது, ஆனாலும் மேல்காற்று அங்கேயும் உண்டுதானே, ரெட்டியார்பட்டிப் பக்கம் வெட்டவெளியாக இருந்தால் நன்றாகவே உறைக்கும்.

எங்கள் வீட்டில் தோட்டம் போட்டுத் தந்தவர் வெளியூர்க்காரர். மேற்குப் பக்கம் வரிசையாக ஆள் உயரப் பனை மாதிரி அலங்காரச் செடிகளை வைத்து ஒற்றைக் குச்சியில் சணலால் கட்டிவிட்டுப் போனார். முதல் ஆடியிலேயே பாதி சாய்ந்துவிட்டது, மீதி கிழிந்த குடை போல நின்றது. போன் செய்தால் "காற்றுக்கு நான் பொறுப்பு இல்லை" என்று பதில். இந்த ஊரில் வேலை செய்கிறவருக்கு ஆடிக்காற்று தெரிந்திருக்க வேண்டாமா என்று இன்றைக்கும் கோபம் வருகிறது. மரக்கன்றுக்கு இரண்டு பக்கமும் கம்பு நட்டு, தண்டை அறுக்காத மாதிரி 8 என்கிற எண் வடிவில் துணியாலோ கயிற்றாலோ தளர்வாகக் கட்ட வேண்டும். வாழையை வீட்டின் கிழக்குப் பக்கம், சுவர் மறைவில் வைக்கலாம். இதையெல்லாம் நாம் கேட்காமலே சொல்கிற ஆள்தான் வேண்டும்.

இன்னொன்று, அவர் செய்த பழைய வேலையைப் போய்ப் பாருங்கள். போன மாதம் முடித்ததைக் காட்டுவார், அது வேண்டாம், நட்ட எந்தச் செடியும் ஒரு மாதம் பச்சையாகத்தான் இருக்கும். ஒரு சித்திரை வெயிலையும் ஒரு ஐப்பசி மழையையும் பார்த்த தோட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். கூடவே அவரை அழைத்துப் போகாமல் நீங்கள் மட்டும் போனால் வீட்டுக்காரர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள், குறிப்பாகப் பெண்களிடம் கேளுங்கள், தினமும் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்குத்தான் எது சரியில்லை என்று தெரியும்.

---

மானூர்_தோட்டவேலை

நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன், பாளைப் பக்கம் புது வேலை எடுப்பதில்லை, அதனால் எனக்கு இதில் லாபம் எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்று விலையும் இப்படி எட்டாத தூரத்தில் இருப்பதற்குக் காரணம் மண்தான். செடி விலையில் இவ்வளவு வித்தியாசம் வராது. கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் இடம் மொத்தம் 1400 சதுர அடி. மேலே கிடக்கும் கட்டடக் கழிவை வழித்து எடுத்துவிட்டு அரை அடிக்கு நல்ல செம்மண் போட்டால் 700 கன அடி. ஒரு யூனிட் என்பது 100 கன அடி, ஆக 7 யூனிட். அதையே மூன்று இஞ்சு போட்டால் மூன்றரை யூனிட்தான். கழிவை வழிக்காமல் அதன்மேலேயே ஒரு பூச்சு மாதிரி மண்ணைத் தூவினால் இன்னும் குறையும், பார்வைக்கு மூன்றும் ஒரே மாதிரிதான் இருக்கும். முதல் மழையில் மண் அமுங்கியதும் செங்கல் பல்லைக் காட்டும். கலவையில் இருக்கிற சிமெண்டும் சுண்ணாம்பும் மண்ணின் காரத்தன்மையைக் கூட்டிவிடும், அப்புறம் எவ்வளவு உரம் போட்டாலும் இலை மஞ்சளாகவே நிற்கும், செடி இரும்புச் சத்தை எடுக்க முடியாது.

அதனால் "எல்லாம் சேர்த்து" என்கிற சொல்லை ஏற்காதீர்கள். எத்தனை அடி ஆழத்துக்குக் கழிவு எடுப்பார், அதைக் கொண்டுபோய்க் கொட்டுகிற செலவு யாருடையது, எத்தனை யூனிட் செம்மண், எத்தனை மூட்டை தொழு உரம், எத்தனை கிலோ வேப்பம் புண்ணாக்கு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். லாரி வரும்போது வீட்டில் யாராவது நின்று எண்ண வேண்டும், முடிந்தால் டேப் வைத்து டிப்பரின் நீளம் அகலம் உயரம் அளந்துவிடுங்கள். செம்மண் வந்ததும் ஒரு கைப்பிடி எடுத்து உடைத்துப் பாருங்கள், உள்ளே கறுப்பாக, கொட்டை மாதிரி சின்னக் கிழங்கு இருந்தால் அது கோரை. கோரை உள்ளே வந்துவிட்டால் அந்தத் தோட்டத்தில் ஆயுசுக்கும் களையெடுப்புதான், புல்தரைக்குள் அதைப் பிடுங்கி முடியாது. மக்காத சாணியிலும் வரும், வெட்டிக் கொண்டுவரும் புல் பத்தையிலும் வரும்.

செடிக்கும் இதே கதைதான். "மகிழம் 1, இட்லிப்பூ 40" என்று எழுதினால் போதாது. பை அளவு என்ன, உயரம் எவ்வளவு, தண்டு தடிமன் எவ்வளவு என்று இருக்க வேண்டும். ஆறு இஞ்சுப் பையில் ஒரு சாண் உயர மகிழமும் மகிழம்தான், மூட்டை அளவுப் பையில் ஆறடி மகிழமும் மகிழம்தான், விலை எங்கேயோ இருக்கும். அப்புறம் நிறைய அலங்காரச் செடிகள் ஆந்திராவில் கடியம் பக்கமிருந்து லாரியில் வருகின்றன, நல்ல செடிகள்தான், ஆனால் வேரைச் சுற்றிக் களிமண் உருண்டையாக இருக்கும். அதை அப்படியே நம் சரள் மண்ணில் இறக்கினால் தண்ணீர் சுற்றிலும் ஓடிவிடும், உருண்டைக்குள் இறங்காது, செடி தண்ணீருக்கு நடுவிலேயே காயும். இறக்கியதும் நடாமல் கொஞ்ச நாள் நிழலில் வைத்துத் தேற்றி நடுகிறாரா என்று கேளுங்கள்.

---

தென்காசி_சாரல்

எல்லாரும் புல்தரையைப் பற்றி வாயே திறக்கவில்லையே, நான் திறக்கிறேன். புல் வேண்டாம் தம்பி. 500 சதுர அடிப் புல் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது கிட்டத்தட்ட 46 சதுர மீட்டர். கோடையில் நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகப் போகும், ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு லிட்டர். அப்படியானால் தினமும் 230 லிட்டர், அதுவும் உங்கள் உப்புத் தண்ணீர். தண்ணீர் ஆவியாகும், உப்பு மண்ணிலேயே தங்கும். எங்கள் தென்காசிப் பக்கம் சாரல் விழும், உங்களுக்கு மேற்கே மலை நின்று அந்த மழையைப் பிடித்துவிடுகிறது, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பித்தான் நீங்கள் இருக்கிறீர்கள்.

அதற்காக முழுக்க பேவர் பிளாக் போட்டுவிடாதீர்கள், அது இன்னும் மோசம், ராத்திரி பத்து மணிக்கும் அனல் அடிக்கும், மழைத் தண்ணீர் தரைக்குள் இறங்காது. என் யோசனை, முன்பக்கம் ஒரு புங்கையோ மகிழமோ வைத்து, அதன் நிழலில் உட்கார ஒரு திண்ணை, சுற்றிலும் செடி. நம் ஊருக்கு மர நிழல்தான் தோட்டம். மரத்தைச் சுவரிலிருந்தும் செப்டிக் டேங்கிலிருந்தும் பத்தடியாவது தள்ளி வையுங்கள். ஒரு பரிந்துரை, பணம் கொடுப்பதற்கு முன்னால் குற்றாலம் வரும்போது தோட்டக்கலைத் துறையின் சுற்றுச்சூழல் பூங்காவை ஒருமுறை சுற்றிப் பாருங்கள், எந்தச் செடி வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும் என்று கண்ணால் பார்த்துவிடலாம். அங்கே செழிப்பது எல்லாம் பாளையில் செழிக்காது, அது ஈரக்காற்று, அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

---

மானூர்_தோட்டவேலை

தென்காசிக்காரர் சொன்னதில் எனக்குப் பாதிதான் சம்மதம். பிள்ளைகள் விளையாட 150, 200 சதுர அடி அருகம்புல் இருந்தால் தவறில்லை, கொரியன் புல் பத்தைக்குச் செலவழிக்க வேண்டாம், அருகம்புல்லைத் துண்டு துண்டாக நாலு இஞ்சு இடைவெளியில் நட்டால் மழைக்காலத்தில் தானாகப் பிடித்துக்கொள்ளும், செலவும் கால்வாசிதான். 900 சதுர அடிக்கும் புல் என்று படம் போட்டவர் யாராக இருந்தாலும் அவர் உங்கள் தண்ணீரைப் பற்றி யோசிக்கவில்லை.

---

புதுவீடு_பாளை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு விஷயம் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. பெரியவர் சொன்னபடி போர் தண்ணீரைக் கொடுத்தேன், 1600 என்று வந்திருக்கிறது. அந்தத் தாளை மூன்று பேருக்கும் அனுப்பினேன். கம்பெனிக்காரர்கள் பதில் போடவில்லை, பணம் எப்போது கட்டுவீர்கள் என்று மட்டும் கேட்டார்கள். சதுர அடிக்காரர் ரோஜாவையும் எலுமிச்சையையும் எடுத்துவிட்டுப் புதுப் பட்டியல் அனுப்பினார், யூனிட் கணக்கும் எழுதியிருக்கிறார். நர்சரிக்காரர் நேரில் வந்து குழி தோண்டிப் பார்த்தார், "கீழே ஒன்றரை அடிக்குக் கலவை இருக்கு சார், இதை எடுக்காம ஒண்ணும் பண்ண முடியாது, எழுபதாயிரத்துல முடியாது" என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். இப்போது இந்த இரண்டு பேருக்கு நடுவில் நிற்கிறேன். முன்பணம், பராமரிப்பு, சொட்டுநீர் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள். அப்புறம் பால்காய்ப்புக்குள் முடித்துவிடலாம் என்று சதுர அடிக்காரர் உறுதி கொடுக்கிறார், அது நல்லதுதானே?

---

பேட்டை_பெரியவர்

கழிவை எடுக்கிற செலவு முதலில் உங்கள் கட்டட கான்ட்ராக்டருடையது தம்பி. அவருக்குக் கடைசித் தவணை இன்னும் பாக்கி இருந்தால் இடத்தைச் சுத்தம் செய்து கொடுத்த பிறகே அதைக் கொடுங்கள். தோட்டக்காரர் தலையில் அதைக் கட்டினால் அதற்கும் சேர்த்து நீங்கள்தான் கட்டுவீர்கள்.

முன்பணம் 70 சதவீதம் கொடுக்கவே வேண்டாம். கால் பங்கு கொடுத்து வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள், மண் வந்து நிரவியதும் ஒரு பங்கு, குழாய் போட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டியதும் ஒரு பங்கு, செடி நட்டதும் ஒரு பங்கு. அந்தக் கடைசிப் பங்கிலிருந்து மொத்தத்தில் பத்தில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து மூன்று மாதம் கழித்துக் கொடுப்பதாக முதலிலேயே எழுதிவிடுங்கள், அந்த மூன்று மாதத்தில் காய்ந்த செடியை அதே அளவில் மாற்றித் தர வேண்டும். நீங்கள் தண்ணீர் விடாததால் காய்ந்தால் அது அவர் பொறுப்பு ஆகாது, அதையும் எழுதிவிடுவதுதான் அவருக்கும் நியாயம்.

மண் நிரவும்போது மட்டத்தைக் கவனியுங்கள். அழகுக்காக மேடு போடுகிறேன் என்று வீட்டுச் சுவரின் அடிமட்டத்துக்கு மேலே மண்ணை ஏற்றினால் சுவரில் ஓதம் (ஈரம்) ஏறும், பெயிண்ட் பெயர்ந்துகொண்டே இருக்கும். தண்ணீர் வீட்டிலிருந்து வெளியே ஓடுகிற மாதிரி நூறு அடிக்கு ஒரு அடி சரிவாவது வேண்டும். 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையில் வண்ணார்பேட்டை என்ன ஆனது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது எல்லாம் நமக்குத் தெரியும். மழைநீர் சேகரிப்புத் தொட்டியை மண்ணாலும் கூழாங்கல்லாலும் மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நான் பார்த்த பல வீடுகளில் தோட்டம் போடும்போதுதான் அது காணாமல் போகிறது.

---

வள்ளியூர்_அக்கா

சொட்டுநீர் போடுங்கள், ஆனால் உப்புத் தண்ணீரில் சொட்டுவான் (தண்ணீர் சொட்டுகிற துளை) அடைத்துக்கொள்ளும், அதனால் வடிகட்டி கட்டாயம், குழாய்க் கடைசியில் திறந்து கழுவிவிட ஒரு மூடியும் வேண்டும். நடைபாதைக்கு பேவர் போடுவதற்கு முன்னால் குறுக்கே ஒரு காலிப் பிவிசி குழாயைப் புதைத்துவிடச் சொல்லுங்கள், நாளைக்கு ஒரு பைப்போ ஒயரோ கொண்டுபோக வேண்டுமானால் பேவரைப் பெயர்க்க வேண்டியதில்லை. தோட்டத்து விளக்குக்குத் தனியாக மின்கசிவுத் தடுப்பான் வைக்கச் சொல்லுங்கள், ஈரத் தரையில் பிள்ளைகள் வெறுங்காலோடு நடக்கிற இடம், இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

பராமரிப்புக்கு மாதம் இரண்டு தடவை ஆள் வந்தால் போதும், அந்த விலையையும் இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள். அம்மாவின் பிச்சிப் பந்தலைக் கை எட்டுகிற உயரத்தில் போடச் சொல்லுங்கள், முழங்கால் வலிக்காரர் நாற்காலியில் ஏறிப் பூப் பறிக்கக் கூடாது.

---

மானூர்_தோட்டவேலை

பால்காய்ப்புக்குள் முடித்துத் தருகிறேன் என்பதற்கு மட்டும் தலையாட்டிவிடாதீர்கள் சார். ஆவணியில் நம் ஊரில் வெயிலும் உண்டு, காற்றும் உண்டு, புது மண் அமுங்கியிருக்காது, அதில் நட்ட செடி விசேஷத்தன்று பச்சையாக நின்று புரட்டாசியில் கருகும். விசேஷத்துக்கு வாசலில் பச்சை வேண்டுமானால் நர்சரியில் தொட்டிச் செடிகளை வாடகைக்கு எடுத்து வைத்துவிட்டு மறுநாள் திருப்பிக் கொடுங்கள். ஆவணிக்குள் கழிவு எடுப்பது, மண் போடுவது, குழாய் பதிப்பது மட்டும் முடியட்டும். ஒரு மழை விழுந்து மண் அமுங்கட்டும், பள்ளம் தெரிகிற இடத்தில் நிரப்பிவிட்டு ஐப்பசி முதல் வாரத்தில் மரமும் செடியும், அதன் பிறகு புல். இதைச் சொல்லிப் பாருங்கள், எந்த ஆள் "அதுதான் சார் சரி" என்று ஒத்துக்கொள்கிறாரோ அவரிடம் கொடுத்துவிடுங்கள், ஐந்தாயிரம் பத்தாயிரம் கூட இருந்தாலும் பரவாயில்லை.

---

புதுவீடு_பாளை

இரண்டு பேரிடமும் சொன்னேன். சதுர அடிக்காரர் ஐப்பசி வரை காத்திருக்க முடியாது, அப்போது வேறு வேலை இருக்கிறது என்றார், அதுவும் அவர் நிலையில் நியாயம்தான். நர்சரிக்காரர் ஒத்துக்கொண்டார், யூனிட் கணக்கோடு 1,18,000 என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார், கால் பங்கு முன்பணம், பத்து சதவீதம் தை மாதம். கழிவை எடுக்கக் கட்டட கான்ட்ராக்டர் ஒத்துக்கொண்டுவிட்டார். புல்தரையை 180 சதுர அடியாகக் குறைத்தோம், முன்னால் மகிழம். வேலை நடக்கும்போது படம் போடுகிறேன். ஒன்றே ஒன்று, எங்கள் பக்கம் மயில் கூட்டமாக வருகிறது, பின்பக்கக் கீரைப் பாத்திக்கு என்ன செய்வது?

---

வள்ளியூர்_அக்கா

பாத்திக்கு மேலே வளைத்துக் கம்பி நட்டு நைலான் வலையைப் போர்த்துங்கள், ஓரத்தைச் செங்கல் வைத்து அழுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அடியில் கழுத்தை நுழைத்துவிடும். வலைக்கண் சின்னதாக இருக்கட்டும், பெரிய கண்ணாக இருந்தால் மயில் காலில் சிக்கிக்கொள்ளும். நாற்று ஒரு சாண் வளரும் வரை அங்கே மண்ணைக் கிளற விடாமல் பார்த்துக்கொண்டால் போதும், முருங்கையையும் வாழையையும் அது ஒன்றும் செய்யாது.